அளவும் அறமும்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கெனப் பியர் தயாரித்தலுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டம் வரிவிலக்களித்தது. வயதுவந்தோர் இருவருள்ள வீட்டுக்கு ஆண்டெல்லை 200 கலன். அதாவது ஏறத்தாழ 757 லீற்றர். விற்றலாகாது. அடுப்பிலேற்றும் சிறு பானைக்கு இவ்வெல்லை எட்டாத் தொலைவு. கராஜிலே மூன்று உருக்குக் கொப்பரைகளை நிறுவி, முறைக்கு 15 கலன் தயாரிப்பவனோ பதினான்காம் முறையில் அதனைக் கடந்துவிடுவான். எல்லைக்குட்பட்டதையே கணவனும் மனைவியும் தாமே அருந்துவதாயின், நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர்! எனவே அயலாரை அழைக்கின்றனர். ஈகையெனத் தோன்றும் இவ்வழைப்பு கொப்பரையின் கட்டளையன்றோ?

பெருங்கொப்பரை வெப்பத்தை எளிதில் இழவாது. ஊறும் தானியத்தை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க விழையும் கைவினைஞனுக்கு அது நேர்மையான நியாயமே. அந்நியாயம் கொப்பரையின் பருமனுக்குப் பொருந்தும். அது நிரம்பும் தடவைகளுக்குப் பொருந்தாது. ஒரு திங்கள் அதனை வெறுமனே கிடக்கவிட அவன் மனம் ஒப்புமா என்பதே இங்கெழும் வினா.