பெரட்டில் ஒரு முகம்

"ஐயா, ஊரிலிருந்து புதிதாய்க் கப்பலேறி வந்தவர்கள்தான் மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாய் விழுந்தார்களாம். பழைய ஆட்கள் நடுங்கிவிட்டுப் பால்வெட்டப் போனார்களாம். கொசு ஆள்பார்த்தா கடித்தது?" ரந்தாவ் பக்கம் பிறந்த சீடன் கேட்டான்.

"கொசுவுக்கு எல்லோரும் ஒன்றுதான்" என்றார் குரு. நெகிரி செம்பிலான் மேடும் ஓடையுமான பூமி. ரப்பர் நடக் காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில்பட்ட தெளிநீரை விரும்பும் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் கொசு அங்கே பெருகியது. சிலாங்கூரில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் இதைக் கண்டறிந்து, மலைத்தோட்டங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்வழி ஓடவிடச் சொன்னார். "வித்தியாசம் ரத்தத்தில் இருந்தது. பழைய ஆளின் உடம்பு பல வருடம் பாடம் படித்திருந்தது."

"ஒருமுறை பார்த்த எதிரியை அடையாளம் காண இத்தனை வருடமா?"

பால்சிபாரம் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் ஒளிந்துகொண்டு, அதன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டுகிறது. அதற்கான மரபணுக்கள் ஏறக்குறைய 60. 1995-இல் இவை கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு கிருமி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்தும். "பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், அறுபது பேர் பதிவு, வந்து நிற்பது ஒருவன். உடம்பு அவனைத்தான் பிடிக்கும்" என்றார் குரு.

சீடன் விடவில்லை. "முகமே காட்டாமல் இருந்துவிட்டால்?"

குருவுக்குப் பிடித்த கேள்வி இது. அந்தப் புரதம் முகம் மட்டுமல்ல, கையும்கூட. அதைக் கொண்டுதான் நோயுற்ற அணு ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிடி விட்டால் ரத்தத்தோடு மண்ணீரலுக்குப் போகும். அங்கே வடிகட்டி அழிக்கப்படும். எதனால் பிழைக்கிறதோ அதனாலேயே காட்டிக்கொடுக்கப்படுகிறது. கையை மறைக்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

"எப்போது மாற்றுவதென்று அதற்குத் தெரியுமா?"

"தெரியவேண்டியதில்லை. கோடிக்கணக்கானவற்றில் சில, காரணமில்லாமலே மாறிக்கொண்டிருக்கும். எதிர்ப்புப் புரதம் வந்து பழைய முகங்களைத் துடைத்தெறியும்போது, மாறியவை மிஞ்சிப் பெருகும். தந்திரம் என்று பெயர் வைப்பது நாம்."

"அப்படியானால் அதன் உண்மையான முகம் எது?"

"அறுபதில் எதைச் சொல்வாய்?" குரு பேச்சைக் குரங்கு மலேரியாவுக்குத் திருப்பினார். முகமாற்றத்துக்கு ஆய்வுச்சான்று வந்ததே அதிலிருந்துதான்: நோலெசி கிருமி தொற்றிய ரீசஸ் குரங்குகளில், 1965-இல். அதே ஆண்டு பக்கத்து மாநிலமான பகாங் காட்டில் வேலைபார்த்துத் திரும்பிய அமெரிக்கருக்கு அந்த நோலெசியே இயற்கையாய்த் தொற்றியிருந்தது தெரியவந்தது. மனித மலேரியாவின் உள்ளூர்த் தொற்று மலேசியாவில் 2018 முதல் பதிவாகவில்லை. நோலெசி மட்டும் நீள்வால் குரங்குகளிலிருந்து கொசுவழி இன்றும் வருகிறது.

"நடுவில் இத்தனை வருடம் யாரும் கவனிக்கவில்லையா?"

சரவாக்கின் கப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனை செய்து, 2004-இல் வெளியிட்டபோதுதான் உலகம் விழித்தது. அதுவரை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதை மலேரியே என்ற இன்னொரு வகையென்றே எழுதிவந்தார்கள்.

"நுண்ணோக்கிக்கும் முகம் மாற்றியதா?"

குரு சிரித்தார். "அங்கே அது ஒன்றும் செய்யவில்லை. அந்தக் குற்றம் முழுக்க நம் கண்ணுடையது."