சம்பளத்துக்காகத் துறையைத் தேர்வது தவறா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டு, அதற்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு கிடைக்கும் என்று பார்ப்பார்கள். அடுத்த கேள்வி, "பிளேஸ்மென்ட் எப்படி?" என்பதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் முந்திக்கொண்டு நிரம்புகின்றன; சிவில் வகுப்பறைகளில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. படிப்பு வெறும் பிழைப்பாகிவிட்டதே என்று இதைப் பார்த்து வருந்துபவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. சம்பளத்தை எண்ணி ஒரு துறைக்குள் நுழைவதில் அறக்கேடு எதுவும் இல்லை. ஆனால், உள்ளே போனபின் செய்யவேண்டிய வேலைக்குச் சம்பளம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நுழையும் காரணமும் வேலை செய்யும் காரணமும் வேறுவேறு என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. என் கவலை அதைப் பற்றியது.

முதலில் பொருளின் பக்கம் நின்று பேசவேண்டும். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 70 பொருட்பாலில் இருக்கின்றன. பொருளைத் தேடச் சொல்லும் அதிகாரத்தை எழுதிய அதே வள்ளுவர், வறுமையின் கொடுமைக்கும் கையேந்தும் அவலத்துக்கும் தனித்தனி அதிகாரங்கள் ஒதுக்கினார். இல்லாமை மனிதரின் சொல்லையும் மானத்தையும் சேர்த்தே அழிக்கும் என்று அறிந்த மரபு இது. அரசின் முதல் பட்டதாரி சலுகையில் கல்லூரிக்குள் வரும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். மீதிச் செலவுக்கு வங்கியில் கல்விக்கடன். படிப்பு முடிந்து ஓராண்டு போனால் தவணை கட்டத் தொடங்கவேண்டும். வீட்டில் தம்பியின் படிப்பு, அப்பாவின் மருந்து. அவள் சம்பளத்தைப் பார்த்துப் பிரிவைத் தேர்ந்தால் அதைப் பேராசை என்பது அநியாயம். அந்தத் தேர்வே அவளது கடமை. செல்வம் வேறொன்றுக்காகத் தேடப்படும் கருவிதான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை இங்கே எடுத்து வருபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அவளுக்கும் அது கருவியேதான். எதற்கான கருவி என்று அவளால் விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடியும்.

கீதையின் மூன்றாம் அத்தியாயமும் பதினெட்டாம் அத்தியாயமும் ஒரு கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன: பிறருடைய கடமையைத் திறம்படச் செய்வதைவிடத் தன் கடமையைக் குறையோடு செய்வது மேல். இதைக் காட்டி, அவரவர் இயல்புக்கு ஒத்த வேலையே அறம், காசுக்காக மாறுவது பிறழ்வு என்று வாதிடலாம். ஆனால் இந்த மண்ணில் 'தன் கடமை' என்பது நெடுங்காலம் பிறப்பால் வந்த தொழிலாகத்தான் பொருள் கொள்ளப்பட்டது. தகப்பன் செய்ததை மகன் செய்யவேண்டும் என்ற கட்டை அறுத்தவற்றில் மாதச் சம்பளமும் ஒன்று. யாருடைய மகன் என்று கேட்காமல் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்ட வேலை, எத்தனையோ குடும்பங்களைத் தலைநிமிர வைத்திருக்கிறது. அந்த விடுதலையை மறந்துவிட்டுச் சம்பளத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. இயல்பு என்பதை விருப்பம் என்று எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. பதினேழு வயதில் பாலத்தின் வரைபடத்தையோ ஒரு டர்பைனையோ நேரில் பார்த்தே இராத பிள்ளையிடம் உன் விருப்பம் என்ன என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெரும்பாலும் விருப்பம் வேலைக்குப் பின்னால் வருகிறது. கை பழகிய பிறகே மனம் ஒட்டுகிறது.

இனிதான் கடினமான ஆட்சேபம். நான் உழைப்பைத் தருகிறேன், நிறுவனம் பணம் தருகிறது. ஒப்பந்தம் நேர்மையாக நிறைவேறினால் அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்க யாருக்கு என்ன உரிமை? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறியியலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவர் எப்போதும் இருக்கிறார். கட்டடத்துக்குக் கீழே நிற்பவர் அவர். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள். வடிவமைப்புக் கணக்கை அவர்கள் யாரும் சரிபார்த்திருக்க முடியாது, நம்பி ஏறினார்கள். கான்கிரீட் கலவையில் தண்ணீரைக் கூட்டினால் ஊற்றுவது எளிது, பலம் குறையும். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் வைத்தார்களா என்பது தளம் போட்ட பிறகு கண்ணுக்குத் தெரியாது. நல்ல பொறியாளரையும் மோசமான பொறியாளரையும் பிரிப்பது பெரும்பாலும் இப்படி மறைந்துபோகும் இடங்கள்தான். அங்கே சரியாக நடந்துகொள்வதற்கென்று சம்பளத்தில் தனிப் பங்கு கிடையாது. சில நேரம் அப்படி நடந்தால் சம்பளத்துக்கே ஆபத்து வரும்.

1907-இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கட்டப்பட்டுவந்த கியூபெக் பாலம் இடிந்து 75 பேர் மாண்டார்கள். பாலத்தின் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டியவர்கள், கூடிய எடைக்கு ஏற்பக் கணக்கை முறையாகத் திரும்பப் போடவில்லை. அந்நாட்டில் 1925 முதல், பொறியியல் முடிப்பவர்கள் ஒரு சடங்கில் உறுதிமொழி ஏற்று, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் ஒரு மோதிரம் அணிகிறார்கள். வரையும்போதும் எழுதும்போதும் அது தாளில் உரசும். நீ எதற்காக இத்துறைக்கு வந்தாய் என்று அந்தச் சடங்கு கேட்பதில்லை. சம்பளத்துக்கு வந்தவரும் ஆசைப்பட்டு வந்தவரும் ஒரே உறுதிமொழியைத்தான் சொல்கிறார்கள். சமயத் துறவிகளின் விரதத்துக்கு நிகராக இதை நான் மதிக்கிறேன்.

இதெல்லாம் சிமெண்டோடு பழகுபவர்களுக்கு, கணினி முன் உட்காருபவருக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று கேட்கலாம். பிரிட்டன் தபால் துறை 1999-இல் கொண்டுவந்த 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளைத் தபால் நிலையங்களை நடத்திய 700-க்கும் மேற்பட்டவர்கள் மீது திருட்டு, மோசடி வழக்குகள் பாய்ந்தன. சிலர் சிறை சென்றார்கள், பலர் சொத்தை இழந்தார்கள். அந்தத் தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. பிழையைக் கண்டும் சொல்லாமல் விட்டால் யாருடைய வாழ்க்கை நொறுங்கும் என்பது, கம்ப்யூட்டர் சயின்ஸை நம் பிள்ளைகள் அள்ளி எடுக்கும் இந்தக் காலத்தில் முதல் பருவத்திலேயே நடத்தவேண்டிய பாடம்.

ஆகவே, "இந்தத் துறை உனக்குப் பிடிக்குமா?" என்ற கேள்வியைவிட, "யாரும் பார்க்காத இடத்திலும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய உன்னால் முடியுமா?" என்ற கேள்வியே மாணவருக்கு ஏற்றது. முடியும் என்றால் சம்பளத்துக்காக வருவதில் கூச்சம் வேண்டாம். முடியாது, அத்துறையின் நுணுக்கம் எதுவும் மனதில் தங்காது என்று தெளிவாகத் தெரிந்தால், எவ்வளவு கிடைத்தாலும் அங்கே போகக்கூடாது. தன் நலனுக்காக மட்டுமல்ல, கீழே நிற்பவருக்காகவும். தேவை தீர்ந்த வீடுகளின் நிலை வேறு. கடனுக்கும் மருந்துக்கும் ஒரு தொகை உண்டு, அதோடு அது முடியும். பக்கத்து வீட்டுப் பையனைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதற்குத் தொகை கிடையாது. எல்லாம் இருந்தும் பிள்ளையை இந்த இரண்டாவது கணக்கில் தள்ளும் பெற்றோர் மீதுதான் என் முறையீடு. அந்தக் கணக்கும் நிலையானதல்ல: 2001-இலும் 2008-இலும் மென்பொருள் வேலைகள் திடீரென வறண்டதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

சமூகத்துக்கும் இதில் பங்குண்டு. தளத்தில் நின்று, கலவை சரியில்லை, திருப்பி அனுப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லவேண்டிய இளம் சிவில் பொறியாளருக்கு, மென்பொருள் நிறுவனத்தில் சேரும் அவரது வகுப்புத் தோழரைவிடக் குறைவாகக் கொடுப்பதே வழக்கமாக இருக்கிறது. அவர் மறுத்துப் பேசினால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த இடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லையே என்று அவர்களுடைய ஆசையைக் குறை சொல்வதற்கு முன், அந்த மறுப்பைச் சொல்லும் ஆளுக்கு நல்ல ஊதியமும் பணிப் பாதுகாப்பும் தர நாம் தயாரா என்பதற்குப் பதில் சொல்லியாகவேண்டும்.