மன உறுதி மட்டும் போதுமா?

காரைக்காலில் மலை இல்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டலும், அதன் ஓரத்தே வங்கக் கடலும்தான் உண்டு. ஆயினும், மலையேறிய பெண்ணொருத்தியின் கதையை இந்த ஊரைப்போல் கொண்டாடும் ஊர் வேறில்லை. ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா! மாடிகளிலிருந்து மாங்கனிகள் பறக்கும்; மக்கள் கைநீட்டிப் பிடிப்பர். புனிதவதி என்னும் வணிகர் குலப் பெண், கணவனால் கைவிடப்பட்டபின் பேயுருவை வேண்டிப் பெற்று, கயிலை மலையைக் காலால் மிதிப்பது தகாதென்று எண்ணித் தலையால் நடந்து ஏறினார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடிவைத்தார்.

அந்த அம்மையாரிடம் நமக்குப் பகையில்லை. பெயர் தெரிந்த பழந்தமிழ்ப் பெண்பாற் புலவர்களுள் அவர் ஒருவர்; தமிழ் உள்ளவரை அந்தப் பெருமை அவருக்கு உண்டு. நாம் கேட்பது வேறொன்று. கால் இருந்தும், அது மலைமீது படக்கூடாதென்று கருதிய பெண்ணைப் பல நூற்றாண்டுகளாகப் போற்றி வருகிறோம். கால் போனபின்னும், எனக்கொரு கால் வேண்டும் என்று கேட்டுப் பெற்று மலையேறிய பெண்ணை எவ்விதம் போற்றப் போகிறோம்?

புராணத்துப் பெண்ணல்ல நாம் சொல்ல வருபவர், நம் காலத்தவர். உத்தரப் பிரதேசத்தில் அம்பேத்கர் பெயர் தாங்கிய மாவட்டத்தில் பிறந்த அருணிமா சின்கா. கைப்பந்தாட்ட வீராங்கனை. 2011 ஏப்ரல் 11 இரவு, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையில் வேலை தேடி, லக்னோவிலிருந்து தில்லிக்கு ரயிலில் சென்றார். கழுத்துச் சங்கிலியைப் பறிக்க வந்தோரை எதிர்த்ததால், பரேலி அருகே ஓடும் வண்டியிலிருந்து தள்ளப்பட்டார் என்பது அவர் வாக்குமூலம். அடுத்த தண்டவாளத்தில் வந்த வண்டி அவர் காலை நசுக்கியது. இரவெல்லாம் அங்கேயே கிடந்தார். வண்டிகள் வந்தன, போயின. உயிர் காக்க இடக்காலை முழங்காலுக்குக் கீழே மருத்துவர்கள் வெட்டி எடுத்தனர்.

காவல்துறை என்ன சொல்லிற்று தெரியுமா? தற்கொலை முயற்சியாக இருக்கலாம் என்றது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டிருக்கலாம் என்றது. காலை இழந்தவள், தான் பொய் சொல்லவில்லை என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது! பின்னர் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு ரயில்வேக்கு ஆணையிட்டது.

இரண்டே ஆண்டுகள். 2013 மே 21 அன்று, 8,848 மீட்டர் உயர எவரெஸ்ட் முடியில் செயற்கைக் காலோடு நின்றார். கால் இழந்தோரில் அச்சிகரம் தொட்ட முதல் பெண் அவரே. 2015-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

இனி விளக்கவுரைகளைப் பாருங்கள்! கால் போனது முன்வினைப் பயன் என்பார் ஒருவர். மலையேறியது இறைவன் அருள் என்பார் இன்னொருவர். இழப்புக்கு அவள் பொறுப்பு, வெற்றிக்கு ஆண்டவன் பொறுப்பு — நல்ல கணக்கு! இவ்வகை வாதத்தை உடைக்க நம் இளைஞர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நம்மை உறுத்துவது மூன்றாவது விளக்கம். அது நம் மேடைகளிலேயே முழங்குகிறது. “எல்லாம் மன உறுதி! உள்ளம் நினைத்தால் ஊனம் ஏது?” என்கிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அந்த முழக்கத்தின் மறுபக்கத்தை எண்ணிப் பார்த்தோமா? எல்லாம் மன உறுதி என்றால், காரைக்காலின் தெருவொன்றில், காலிழந்து திண்ணையில் முடங்கிக் கிடக்கும் மீனவத் தோழனுக்கு மன உறுதி இல்லை என்றல்லவா பொருள்? முன்பு ‘உன் விதி’ என்று சொல்லி நகர்ந்தார்கள். இப்போது ‘உன் மனம்’ என்று சொல்லி நகர்கிறோம். சொல் மாறிற்று, திண்ணை மாறவில்லை.

அருணிமா ஏறிய ஏணியின் படிகள் யாவை? தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை. தில்லித் தனியார் நிறுவனமொன்று இலவசமாகத் தந்த செயற்கைக் கால். 1984-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் தந்த பயிற்சி. டாடா ஸ்டீல் நிறுவனத்தின் சாகச அறக்கட்டளை தந்த ஆதரவு. பனிச்சரிவில் உடன் நடந்த செர்பா. இவற்றில் ஒன்றை உருவி எடுத்துவிட்டு, மன உறுதியை மட்டும் இரு மடங்காக்குங்கள். மலை ஏற முடியுமா?

செயற்கைக் கால் என்றதும், வேறொரு மனிதரையும் நினைக்க வேண்டும். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில், டாக்டர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து, மலிவான ரப்பர்க் காலை வடித்தவர் ராமச்சந்திர சர்மா. பெரும் படிப்பில்லாத கைவினைஞர். மேலைநாட்டுக் கால், நாற்காலியில் அமர்ந்து காலணி அணிவோருக்காகச் செய்தது. நம் உழவனோ சேற்றில் இறங்குவான், சம்மணமிட்டு உண்பான், வெறுங்காலோடு நடப்பான். அதற்கேற்ற காலைச் செய்தது அந்தக் கைவினைஞரின் அறிவு. சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1981-இல் தமிழ்நாட்டில் பேருந்து விபத்துக்குள்ளாகிக் காலை இழந்த நாட்டியக்காரி சுதா சந்திரன், சில ஆண்டுகளில் மீண்டும் மேடை ஏறியது இந்த ஜெய்ப்பூர்க் காலில்தான். திரையுலகம் அதைப் படமாக்கியது. பட்டறையை யார் படமாக்குவார்?

அப்படியானால் அவள் துணிவு ஒன்றுமில்லையா என்று கேட்கலாம். உண்டு! அதே காலும் அதே பயிற்சியும் தந்தால், நம்மில் பலர் அடிவாரத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டு நிற்போம். துணிவு அவளுடையது, அதைப் பங்குபோட எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் துணிவு என்பது, வாய்ப்புக் கிடைத்தபின்தான் தெரியவரும் பொருள். கால் கொடாமலே ஒருவன் கோழை என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

வாய்ப்பை மறுப்போர் கருணையின் பெயராலேயே மறுப்பர் என்பதையும் காண்க. 2017 டிசம்பரில் நேபாள அரசு, இரு கால் இழந்தோரும் பார்வையற்றோரும் மலையேறக் கூடாதென விதி செய்தது, பாதுகாப்புக்காகவாம். 2018-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 2023 மே 19 அன்று, முழங்காலுக்கு மேலே இரு கால்களையும் இழந்த ஹரி புத்தமகர் எவரெஸ்ட் முடியை எட்டினார். விதியை எழுதியவர்கள் அவர் மனத்தை அளந்தா எழுதினார்கள்? காலைத்தான் எண்ணினார்கள்.

அதே 2017 டிசம்பரில்தான், உஜ்ஜயினி மகாகாளேசுவரர் கோயிலில், உடையைக் காட்டித் தம்மைத் தடுத்ததாகவும், எவரெஸ்டைவிட அங்கேதான் அதிகம் வலித்ததாகவும் அருணிமா வெளியிட்டார். மலை அவரிடம் உடை கேட்கவில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்திலும், விதிகள் வெளிவந்த ஐந்தாண்டுக்குள் தடையற்ற வழி அமைக்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017-இல் வந்தன; கெடு 2022-இல் முடிந்துவிட்டது. மன்றத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்திற்கு முன், காரைக்காலின் அலுவலகம், பள்ளி, நூலகம், பேருந்து நிலையம் ஒவ்வொன்றுக்கும் சென்று, வாயிலில் எத்தனை படிகள், சாய்தளம் உண்டா என்று எண்ணி எழுதி வரட்டும். நம் மன்றத்துக் கட்டடத்தின் படிகளையும் சேர்த்து எண்ணட்டும்.