நில்லா நீரும் தீர்மானமும்

தீர்மானம் என்ற சொல்லை நாம் உபயோகிக்கும் விதத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யோசிப்பது, முடிவெடுப்பது, செய்வது என்று மூன்று தனித்தனிக் காரியங்களாக அதைப் பிரித்து வைத்திருக்கிறோம். அறம் பேசுகிறவர்களுக்கு இவற்றுக்கிடையே உள்ள அவகாசம் தேவைப்படுகிறது. அந்த அவகாசமே இல்லாத இடத்தில் நடக்கும் காரியத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பேயட் ஆற்றின் வடகிளை அப்படியொரு இடம். ஸ்மித்ஸ் ஃபெர்ரியிலிருந்து பாங்க்ஸ் வரை சுமார் 25 கிலோமீட்டரில் அது 500 மீட்டர் இறங்குகிறது. பல மலையாறுகளில் ஒரு பாய்ச்சலுக்குப் பின் ஒரு மடு இருக்கும். கயாக் படகுக்காரன் கரையேறி, அடுத்ததைப் பார்த்துவிட்டு வரலாம். இங்கே அநேகமாக ஒன்றின் முடிவே அடுத்ததின் ஆரம்பம். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் போட்டபோது வெடித்துத் தள்ளிய பாறைகள் நீரை இன்னும் மூர்க்கமாக்கியிருக்கின்றன. சாலையில் நிற்பவனுக்கு ஆற்றின் போக்கு தெரியும். படகில் இருப்பவனின் கண் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில்கூட இல்லை. அடுத்த அலைக்கு அப்பால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நீரோடு நீராக மிதக்கும் படகு நீர் போகுமிடத்துக்கே போகும். துடுப்புப் போட்டு நீருக்கும் தனக்கும் இடையே ஒரு வேக வித்தியாசத்தை உண்டாக்கினால்தான் படகுக்குத் தன் வழி என்று ஒன்று ஏற்படுகிறது. சுதந்திரம் என்று இங்கே இருப்பது அந்தச் சிறு வித்தியாசம் மட்டுமே. அதையும் கணத்துக்குக் கணம் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

படகு பக்கவாட்டில் பாறைமேல் மோதும்போது உடம்பு தானாகவே பாறையை விட்டு விலகிச் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் நீர் விளிம்பில் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். பாறைமேலேயே சாய வேண்டும், அதைக் கட்டிக்கொள்கிற மாதிரி. யோசித்துச் செய்கிற காரியமல்ல இது. அடங்கிய நீரில் பலமுறை செய்து உடம்புக்குப் பழக்கியிருந்தால் உண்டு. அப்படியானால் அந்தக் கணத்தின் கர்த்தா, என்றோ பழகிக்கொண்ட அல்லது பழகாமல் விட்ட ஒருவன். பொறுப்பு நீரில் கரைந்துவிடவில்லை. அது முன்னாலேயே, கரையில் இருந்திருக்கிறது.

கரையில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியாதே, தெரியாததற்கு எப்படிப் பொறுப்பாவது என்று கேட்கலாம். தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்தே படகில் ஏறுகிறான். உடன் வருபவன் படகை இழந்து நீரில் போனால், இடைவிடாத இந்த நீரில் உதவப் போகிறவனுக்கும் நிற்க இடமில்லை. கரையில் ‘நானும் வருகிறேன்’ என்று ஒருவன் சொல்வது காப்பாற்ற முடியாமல் போகக்கூடிய வாக்கு. அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத மாதிரி இருந்துவிடுவதுதான் குற்றமென்று எனக்குத் தோன்றுகிறது.

ஐடஹோவில் டாக்டராக இருந்த வால்ட் பிளாக்கடார் 1971இல் கனடாவில் அல்செக் ஆற்றின் டர்ன்பேக் பள்ளத்தாக்கைக் கயாக்கில் தன்னந்தனியாகக் கடந்தார். 1978இல் பேயட்டின் தென்கிளையில், நீரில் கிடந்த மரமொன்றில் சிக்கி இறந்தார். முன்னதை வீரம் என்றும் பின்னதை அசட்டுத் துணிச்சல் என்றும் எழுதிவிடுவது சுலபம். விளைவுதான் இரண்டுக்கும் பெயர் வைக்கிறது. மரம் அங்கே கிடந்தது அவர் செயலல்ல.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் வரும் புணையை விதிவாதத்துக்குச் சாட்சி நிறுத்துவது நம்மிடையே வழக்கம். அந்தப் புணையில் துடுப்புப் போடுகிறவன் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் விதியோடு பாட்டு முடிந்துவிடுவதில்லை; மனிதர்களை எடைபோடுவதில் ஒரு நிதானத்துக்கு வந்து சேருகிறது. கரையேறியவனைக் கொண்டாடவும் மூழ்கியவனைக் குறை சொல்லவும் நாம் காட்டும் அவசரத்துக்கு அதில் இடமில்லை. கேட்பதானால், இறங்கும் முன் கரையில் நின்றபோது அவன் எதைப் பார்த்தான், எதைப் பார்க்காமல் விட்டான் என்று கேட்கலாம். அதைக்கூட முதலில் அவன்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.