நாயோடு ஒரு குடித்தனம்

வீட்டுக்காரம்மா சண்டை போட்டிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாடிக்கு வந்தவர், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது வாசற்கதவின் அடிப்பகுதியைப் பார்த்தார். நாங்கள் வெளியே போகும்போதெல்லாம் எங்கள் நாய் மணி பிறாண்டிய கீறல்கள். குனிந்து முந்தானையால் துடைத்தார். தூசியாக இருந்தால் போயிருக்கும். "அவரோட பி.எஃப். பணத்துல போட்ட கதவுப்பா" என்றார். படியில் நின்று, "நாயை ஊர்ல யார்கிட்டயாவது விட முடியாதா?" என்று கேட்டார்.

நாய் உண்டு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லியிருந்தோம்; அவரும் சம்மதித்திருந்தார். நியாயம் என் பக்கம்தான். ஆனாலும் அந்த முந்தானை கண்ணை விட்டுப் போகவில்லை.

திருவண்ணாமலைப் பக்கத்து எங்கள் ஊரில் நாய்க்கு வாசல்தான் வீடு. ஆயா ஊற்றும் கஞ்சியைக் குடித்துவிட்டுத் திண்ணைக்குக் கீழே படுத்திருக்கும். கதவைப் பிறாண்ட அதற்குக் காரணமே இருந்ததில்லை. யாரும் அதை உள்ளே வைத்துப் பூட்டவில்லை. பூட்டியது நாங்கள், இந்தச் சென்னை மாடிக்கு வந்த பிறகு.

அதே திருவண்ணாமலைப் பக்கம், தண்டராம்பட்டு அருகே எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காவல் இருந்ததாம். கல்லூரி நாட்களில் படித்தது, இப்போது நினைவுக்கு வருகிறது. எங்கள் ஒப்பந்தத்தில் குடியிருப்போர் எல்லார் பெயரும் உண்டு, மணியின் பெயர் இல்லை. கோவிவன் காவல் காத்துப் பெயர் வாங்கியது. மணி எதையும் காக்கவில்லை, எங்களுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்புதான் கதவில் விழுந்த கீறல்.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். 2015இல் இந்திய விலங்குகள் நல வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களைத் தடை செய்யக் கூடாது என்கிறது. கணவரின் சேமிப்பில் கட்டிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண்மணியிடம் நீட்டுகிற காகிதமா அது? கைவிடுவதைப் பற்றியும் பார்த்தேன்: 1960ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி, பசியாலோ தாகத்தாலோ தவிக்கக்கூடிய நிலையில் தகுந்த காரணமில்லாமல் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் கூலி இதைவிடப் பல மடங்கு. கைவிடுவதை இவ்வளவு மலிவாக வைத்திருப்பது பெரிய கொடுமை.

மணியை அனுப்ப மாட்டேன். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. கதவை இழைத்து மெருகேற்றித் தருவதாக வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன்; "பார்க்கலாம்ப்பா" என்றார். இன்னும் ஓராண்டு இங்கே இருக்கக் காகிதத்தில் எனக்கு உரிமை உண்டு. அவர் மனம் வருந்தும்போது அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு இருப்பது சரியா, நாயோடு வேறு வீடு தேடிக் கிளம்புவதுதான் மரியாதையா, எனக்குத் தெரியவில்லை. வாடகை வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.