கல்நார்க் கூரையும் நம் கொடையும்

வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கும்போது நம்மவர் முதலில் கேட்கும் கேள்வி, கூரையில் உயிர் ஏதேனும் குடியிருக்கிறதா என்பதே. ஓட்டிடுக்கில் பல்லிமுட்டை, விட்டத்தில் குளவிக்கூடு, சுவர்ப்பொந்தில் அணிற்பிள்ளை எனப் பார்த்துப் பார்த்துத்தான் கைவைப்போம். அண்டை வீட்டார் இதைக் கண்டு நகைப்பதும் உண்டு. நகைக்கட்டும், கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிடலாமா என்பது நம்மைச் சில ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

நம் இல்லத்தில் நடந்ததையே சொல்லிவிடுகிறோம். புதுக்கோட்டையிலுள்ள அவ்வீடு பழமையானது. முன்கட்டு நாட்டோடு வேய்ந்தது. பின்கட்டில் சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்திற்கு 1978ஆம் ஆண்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டார்கள். அந்நாளில் அது வசதியின் அடையாளம். கீற்றைப்போல் தீப்பற்றாது, ஓட்டைப்போல் குரங்கு பிரித்தெறியாது, விலையும் குறைவு. முப்பதுக்கு மேற்பட்ட கோடைகளைக் கண்டபின் தகடுகள் கறுத்து விரிசல் விட்டன. 2011ஆம் ஆண்டில் அவற்றை அகற்றிச் சீமையோடு வேய முடிவு செய்தோம். ஆட்கள் வந்த அன்று விட்டத்து மூலையில் சிட்டுக்குருவி குஞ்சு பொரித்திருப்பது தெரிந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை பதினைந்து நாள் வேலையை நிறுத்திவைத்தோம்.

குஞ்சுகள் பறந்தன, ஆட்கள் கூரையில் ஏறினர். போல்ட்டுகள் துருவேறிக் கழலாமையால் தகடுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளினார்கள். வெண்புழுதி எழுந்து முற்றத்தை மூடிற்று. அவர்கள் முகத்தில் கட்டியிருந்தது தோள்துண்டு ஒன்றே. சித்தாளாக வந்திருந்த இளம்பெண் உடைந்த துண்டுகளைச் சட்டியில் வாரித் தலையில் சுமந்தார். மேலே நின்று உடைத்தவர் அவருடைய கணவர். கைக்குழந்தை வேப்பமரத்துத் தூளியில் உறங்கிக்கொண்டிருந்தது. துண்டுகள் கொல்லைச் சந்தின் பள்ளத்தை நிரப்பின. மாலையில் தாழ்வாரத்தைத் துடைப்பத்தால் பெருக்கியவர் நாமே. உடையாமல் தப்பிய நான்கு தகடுகளை, குடிசை ஒழுகுகிறதென்று அவ்விளைஞர் கேட்கவே, மனமுவந்து கொடுத்தோம். குருவிக்குஞ்சுகளைக் காத்ததும், இல்லாதவருக்குக் கூரை கொடுத்ததும் ஆகிய இரண்டு நல்வினைகளை எண்ணிக்கொண்டு அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர்தான், கல்லினின்றும் நாராக உரியும் கனிமம் அது. நம் மாவட்டத்தில் கல் என்றவுடன் சித்தன்னவாசலும், ஏழடிப்பட்டத்துக் குகையில் நம் முனிவர் துயின்ற வழவழப்பான படுக்கைகளுமே நினைவிற்கு வருகின்றன. ஆயினும் இந்தக் கல் வேறு. கூரைத் தகட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். கல்நார் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம். தகடு உடையாது, தேயாது கிடக்கும்வரை நார் சிமெண்டிற்குள் கட்டுண்டிருக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளையிட்டாலோ, உலரப் பெருக்கினாலோ கண்ணுக்குப் புலனாகாத இழைகளாகப் பிரிந்து நெடுநேரம் காற்றில் மிதக்கும். மூச்சோடு உட்புகுந்த இழைகளுள் பல நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி இறுகுதல், நுரையீரற் புற்று, நுரையீரலைச் சூழ்ந்த உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் கொடிய புற்று ஆகியவை இதனால் வருவன. வெண்கல்நார் தீங்கற்றது என்று வாதிடுவோர் உளர். கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பன என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதனைத் தடைசெய்துள்ளன.

நோய் உடனே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து வரும். இந்திய உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளோ, ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்துவைக்க வேண்டுமென்று ஆணையிட்டதன் காரணம் இதுவே. தொழிற்சாலைக்கு அத்தகைய ஏடு உண்டு. நம் கூரைமேல் ஒருநாள் ஏறியிறங்கியவருக்கு ஏடு எது? தொழிலாளர் மட்டும் பாதிக்கப்படுகின்றனர் என்பதுமில்லை. 1965ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான ஓர் ஆய்வு, கல்நார்த் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களையும் அவர்களுடைய வேலையுடையைத் துவைத்த பெண்களையும் இந்நோய் பற்றியதை எடுத்துக்காட்டிற்று.

இத்தகைய தாமதம் நம் சமயத்தாருக்குப் புதிதன்று. கட்டுண்ட வினை உதயத்திற்கு வராமல் அடங்கிக்கிடக்கும் காலத்தை ஆபாதா காலம் என்பர் ஆன்றோர். விளைவு இன்னும் தோன்றவில்லை என்பதால் வினை கட்டப்படவில்லை என்று நம்மவர் எவரும் சொல்லமாட்டார். உவமை அளவில்தான் இதைக் கூறுகிறோம். எனினும் ‘நாற்பது ஆண்டுகளாக இதன்கீழ் இருக்கிறோம், என்ன ஆகிவிட்டது’ என்று கேட்பவர்களுக்கு நாம் இதனையே நினைவூட்டுவது வழக்கம்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கையில் பிரமாதத்தை, அதாவது கவனமின்மையை, முன்வைக்கிறார். பிற உயிர் தற்செயலாகத் தப்பிப் பிழைத்தது என்பது கவனமற்றவருக்கு விடுதலையாகாது என்பது குந்தகுந்தாசாரியாரின் கருத்துமாகும். இல்லறத்தார் வீடு கட்டுவதிலும் பெருக்குவதிலும் நேரும் தவிர்க்கவியலாத இம்சையை ஆரம்ப இம்சை என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சலுகைக்குள் நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? தகட்டை நனைக்காமல் உடைத்தது தவிர்க்கவியலாததன்று. சுத்தியல் நம் கையில் இல்லை என்பதும் விடையாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றையும் ஒரு வரிசையில் வைத்தே நமக்குப் பாடம் சொன்னார்கள். நம் நாட்டிலும் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை தருவது 1986ஆம் ஆண்டிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் ருஷியா முதலிய நாடுகளில் தோண்டியதை வாங்கித் தகடு செய்வது நிற்கவில்லை. இங்கும் செய்வித்தல்தான்.

நமக்குத் தெரியாதே என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தீர்ப்பு வந்தது 1995இல். நாம் கூரையைப் பிரித்தது 2011இல். நாள்தோறும் செய்தித்தாள் படிப்பவர், ஆசிரியப் பயிற்சி பெற்றவர், பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவர் தெரியாது என்று சொல்வதற்கும், அந்தச் சித்தாள் பெண் தெரியாது என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் வேதாரணியத்தருகே கரைகடந்து நம் மாவட்டத்தின் ஊடே சென்றது. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கங்களில் தென்னையும் பலாவும் வீழ்ந்ததை எல்லாரும் எழுதினார்கள். வீதியெங்கும் நொறுங்கிக் கிடந்த கூரைத் தகடுகளைப் பற்றி எழுதியவர் குறைவு. அவற்றை வெறுங்கையால் அள்ளிப் பள்ளங்களில் கொட்டினார்கள். அச்சமயம் நம்மிடம் பயின்ற மாணவி ஒருத்தி, சுகாதாரப் பணியில் இருப்பவள், நலம் விசாரிக்க வந்தவள், நம் கொல்லைச் சந்தைப் பார்த்துவிட்டு, ‘டீச்சர், இதை யார் இங்கே கொட்டியது?’ என்று கேட்டாள்.

மறுவாரம் அந்த இளைஞரின் வீட்டைத் தேடிச் சென்றோம். நாம் கொடுத்த நான்கு தகடுகளும் புயலில் உடைந்து வாசலில் கிடந்தன. ‘டீச்சரம்மா, நீங்க கொடுத்தது ஏழு வருஷம் மழையைத் தாங்குச்சு’ என்றார் அவர். நன்றியோடுதான் சொன்னார். நமக்கு நா எழவில்லை. அனர்த்ததண்டம் என்னும் வீண்தீங்குகளுள் இம்சாதானமும் ஒன்று என்று இரத்தினகரண்டக சிராவகாசாரம் வகுத்திருக்கிறது. நஞ்சையும் கொலைக்கருவியையும் பிறருக்குக் கொடுப்பது அது. நாம் கொடுத்தது அதுவா? முழுத்தகடாகக் கிடந்த ஏழாண்டுகளில் அது பெருந்தீங்கு செய்திராது. மழையைத் தடுத்ததும் மெய். ஆகவே முற்றும் தீயது என்று சொல்ல நம்மால் இயலவில்லை. ஆனால் நமக்கு வேண்டாததை, அதன் இயல்பை விசாரிக்காமல், பிறர் தலைமேல் ஏற்றினோம். அறிந்தபின்னும் ஒருவர் அவ்வாறு கொடுப்பாராயின் அதற்கு இம்சாதானம் என்பதன்றி வேறு பெயரில்லை.

விவரத்தைச் சொன்னோம். அவர் மனைவி கேட்டது ஒன்றே: ‘அன்னைக்குத் தூளியில கெடந்த புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?’ ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் அவர் முகம் தெளிந்திருக்கும். ஒருநாள் புழுதியால் வரும் ஆபத்து மிகச் சிறியது, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, இனி எங்கும் இதை உடைக்காதீர்கள் என்றுதான் சொன்னோம். வாய்மை விரதம் அன்றைப்போல் நமக்குக் கடினமாயிருந்ததில்லை.

உடைந்ததை நாமே திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கூறி, அவர் வீட்டிற்கு வேறு கூரைக்கு ஏற்பாடு செய்தோம். எடுக்கும் முறையை மாணவி கற்பித்தாள். குழந்தைகளை அப்புறப்படுத்தி, துண்டுகள்மேல் சிறிது சோப்பு கலந்த நீரைத் தெளித்து, ஈரம் காயுமுன் கையுறையிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, எறியாமல் வைத்து, கனத்த பாலிதீன் தாளில் இரண்டு சுற்றாகச் சுற்றி ஒட்டினோம். துடைப்பம் கூடாது; ஈரத்துணியால் துடைத்து அத்துணியையும் பொதிக்குள் இடவேண்டும். முகத்துக்கு நுண்துகள் வடிகட்டி அமைந்த முகமூடி வேண்டும், தோள்துண்டு பயன்படாது. கூரையிலேயே இருக்கும் தகடானால் போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றி, உடைக்காது முழுதாக இறக்கவேண்டும். அதன்மேல் நேரே கால்வைக்கலாகாது; பழைய தகடு முறிந்து விழுந்து மாண்டவர் உண்டு. நல்ல நிலையிலுள்ள தகட்டை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு வழியே.

துறவியர்க்கு உரிய ஐந்து சமிதிகளில் ஒன்று, பொருளைப் பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தல். மற்றொன்று, கழிவை உயிர்க்குத் தீங்கில்லா இடத்தில் விடுதல். மயிற்பீலி அவர்கள் கையில் இருப்பதும் மெல்ல விலக்குதற்கே. மாணவி சொல்லச்சொல்ல இவைதாம் நம் நினைவில் ஓடின. ஓரிடத்தில் மட்டும் தயங்கினோம். நீரும் ஓரறிவுயிர் என்று கற்று, வடிகட்டாத நீரை ஒரு குவளையும் வீணே கொட்டாமல் வளர்ந்தவர் நாம். இங்கோ குடம்குடமாகத் தெளிக்கவேண்டியிருந்தது. இல்லறத்தார் இயங்கும் உயிர்களைக் காத்து, நிலையுயிர்களுக்குத் தம்மால் இயன்ற அளவு தீங்கைக் குறைக்கவேண்டும் என்பதே அணுவிரதம். நீரை வடிகட்டினோம், தெளித்தோம்.

அதே ஆண்டில் பழைய கதவுகளுக்கு வண்ணம் பூசும்போதும் எச்சரிக்கையாக இருந்தோம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். உப்புத்தாளால் உலரத் தேய்த்தால் அப்பொடி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதற்கும் ஈரமே துணை.

பொதிகளை ஒரு குட்டியானையில் ஏற்றி நம் இல்லத்திற்கே கொண்டுவந்தோம். சந்துப் பள்ளத்தில் மேலே தெரிந்த துண்டுகளையும் அவ்வாறே எடுத்துக் கட்டி, எஞ்சியதன்மேல் மண்ணிட்டுச் சிமெண்ட் தளம் போட்டோம். பொதிகளை எங்கே சேர்ப்பது என்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, குப்பையோடு போட்டுவிடுங்கள் என்றார்கள். போடவில்லை. ஆபத்தான கழிவுகளைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் உண்டு. ஆனால் அங்கு செல்வன பெரும்பாலும் ஆலைகளின் வண்டிகள். பதினொரு பொதிகளும் பின்சுவரை ஒட்டி, ‘கல்நார், உடைக்காதீர்’ என்று நம் கையால் எழுதிய அட்டையோடு இன்னும் கிடக்கின்றன. மழைக்கு முன் ஆண்டுதோறும் மேலுறையை மாற்றுகிறோம்.