தாளின் பின்புறம்

வெளிநாட்டில் பணிபுரியும் என் தங்கை மகன், விடுமுறையில் வந்தபோது ஓர் அரிய தாளைக் காட்டினான். மதில், கோபுரங்கள், ஆறு, முன்னே நிற்கும் அவ்வூர் மாந்தர் எனப் பழைய ஐரோப்பிய நகரக்காட்சி. செப்புத் தகட்டில் உளியால் கீறி, கீறல்களில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்தது. கொலோன் நகரில் பிரவுன், ஹோகன்பெர்க் இருவரும் 1572இல் தொடங்கி, 1617இல் ஆறாம் தொகுதியோடு நிறைவுற்ற நகரப்பட நூலின் ஏடாம் அது.

"பெரியம்மா, பன்னிரண்டு நகரங்களோடு நிறுத்திக்கொள்வேன். மிகுபொருள் விரும்பாமை அதுதானே?" என்றான்.

அளவு கட்டுவது நன்றே. இல்லறத்தார்க்கு அணுவிரதம் விதிப்பதும் அதுவே. ஆயினும் தாளைத் திருப்பிப் பார்த்தேன். நடுவே மடிப்புத் தழும்பு. பின்புறம் இலத்தீன் எழுத்துகள். அவ்வெழுத்து எந்நூலின் தொடர்ச்சி? முழு நூலாக விற்பதைவிட ஏடு ஏடாக விற்றால் வருவாய் மிகுதி என்று கண்ட வணிகர் பலர், நூல்களின் கட்டை அவிழ்த்துப் பிரித்துவிட்டனர். பூச்சி அரித்துக் கட்டுக் குலைந்த நூலிலிருந்து பிழைத்த ஏடுகளும் உண்டு. எல்லாரையும் ஒரே கோலால் அளத்தல் முறையன்று.

"நான் வெட்டவில்லையே, பணம் கொடுத்துக் காப்பாற்றினேன்" என்பது அவன் வாதம். காப்பாற்றுதல் என்பதில் உண்மையும் உண்டு. மெரியன் 1628இல் வெளியிட்ட பிராங்க்பர்ட் நகரப்படம், 1944 மார்ச்சில் குண்டுவீச்சில் அழிந்த அப்பழைய நகரின் முற்காலத் தோற்றத்தை நுட்பமாகக் காட்டுகிறது. ஆனால் நம் அறநெறி, செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவழியிலும் வினை வந்து சேரும் என்கிறது. வாங்குவோர் இல்லையேல் கத்திக்கு வேலை ஏது? பன்னிரண்டு என்னும் எல்லை அவன் ஆசையை அளக்கிறது. பிரிந்த நூலை அளக்கவில்லை.

இவ்வாறு நான் கடிந்துரைப்பதற்கும் தகுதி குறைவு. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், படத்தொகுப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும் என்று பழைய நூலொன்றின் படங்களைக் கத்தரித்தவள் நான். மாணவருக்காகத்தான் என்று அன்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"விற்றுவிடட்டுமா?" என்று கேட்டான்.

"விற்றால் இன்னொருவர் சுவருக்குப் போகும், நூலுக்குத் திரும்பாது. வைத்துக்கொள். அடுத்ததை வாங்குமுன், எந்நூலிலிருந்து எப்போது பிரிந்தது என்று கேள்" என்றேன்.

விடை சொல்லும் வணிகர் அரியர் என்றான். அவ்வாறாயின் இந்த ஒன்றே போதுமா என்று கேட்டேன். இன்னும் மறுமொழி எழுதவில்லை.